குன்றின் சரிவும் கொடியின் முதுமையும்

ஒரே வித்து, ஒரே எரு, ஒரே உழைப்பு. ஆயினும் ஒரு நிலத்தில் விளையும் பொருளுக்கு அடுத்த நிலத்தில் விளைவது ஈடாவதில்லை. மண்ணோடு பழகிய நம் அங்கத்தினர்களுக்கு இதை எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. தறியில் அமர்வோரும் இதை அறிவர். பாவு ஓடும்போதே நூலின் நயம் விரலுக்குத் தெரிந்துவிடுகிறது. பிறகு எவ்வளவு கஞ்சி இட்டாலும் மட்டமான நூல் உயர்ந்த நூலாகிவிடாது. பொருளின் தரத்தில் பெரும்பகுதி அது பிறக்கும் இடத்திலேயே தீர்மானமாகிவிடுகிறது. இவ்வுண்மையை மிக நுட்பமாகக் கவனித்து, நிலத்தின் பெயரையே சீசாவின் மேல் எழுதி விற்பவர்கள் மேனாட்டுத் திராட்சை விவசாயிகள். அவர்களுள் இத்தாலி நாட்டின் பார்பரெஸ்கோ என்னும் சிற்றூரார் இவ்வேலையை ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் வாயிலாகச் செய்து காட்டியிருக்கிறார்கள். அதனை இங்கே ஆராய்வோம்.

'திராட்சை மதுவைப் பற்றி நமக்கென்ன?' என்று சில அன்பர்கள் கேட்கக்கூடும். மது அருந்துதலின் நன்மை தீமை இக்கட்டுரையின் பொருளன்று. தரம் என்பது எங்கிருந்து பிறக்கிறது, அதைக் காப்பவனுக்குச் சங்கம் எவ்வாறு கூலி தருவது என்பனவே நாம் எடுத்துக்கொண்ட கேள்விகள். இவை தறிக்கும் பொருந்தும், வயலுக்கும் பொருந்தும்.

ஊரும் கொடியும்

இத்தாலியின் வடமேற்கு மூலையில் பீட்மாண்ட் என்னும் பிரதேசம் உள்ளது. அதில் ஆல்பா நகரத்தை அடுத்து, தனாரோ ஆற்றின் வலக்கரையில், லாங்கே எனப்படும் குன்றுகள் அலையலையாக எழுந்து நிற்கின்றன. பார்பரெஸ்கோவும் அதன் அயலூர்களான நேய்வே, திரேய்சோ என்பனவும் இக்குன்றுகளின் மீதே அமைந்துள்ளன. இப்பகுதியின் திராட்சைத் தோட்டங்களை 2014 இல் யுனெஸ்கோ நிறுவனம் உலகப் பாரம்பரியச் சின்னங்களுள் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டது.

இங்கே செந்நிற மதுவுக்கென வளர்க்கப்படும் கொடியின் பெயர் நெபியோலோ. இது வளர்ப்பவனைச் சோதிக்கும் இயல்புடையது. வசந்தத்தில் மற்ற இனங்களுக்கு முன்பே துளிர்விடும். ஆகையால் பின்பனியில் கருகும் அபாயம் உண்டு. கனிவதிலோ மற்றவற்றுக்குப் பிந்தியது. அக்டோபர் மாதத்தில், குன்றுகளை மூடுபனி சூழத் தொடங்கும் காலத்தில்தான் இதன் அறுவடை நடைபெறும். மூடுபனியைக் குறிக்கும் இத்தாலியச் சொல்லிலிருந்தே இக்கொடி பெயர் பெற்றது என்று கூறுவாரும் உளர். இதன் தோல் மெல்லியது. சாற்றின் நிறமும் வெளிறியதே. ஆனால் துவர்ப்பும் புளிப்பும் மிகுதி. முற்றக் கனியாத நெபியோலோவின் மது நாக்கைச் சுருட்டும். முற்றக் கனிந்ததோ பல ஆண்டுகள் கெடாமல் நின்று, ரோஜா மலரின் மணத்தையும் தார் போன்றதொரு கனத்த வாசனையையும் பெறும். எனவே, இப்பழம் முழுவதும் கனியக்கூடிய இடம் எது என்பதே அவ்வூர் விவசாயியின் முதற் கவலையாயிற்று.

சரிவின் வேலை

நம் கம்பம் பள்ளத்தாக்கில் பன்னீர்த் திராட்சை பயிரிடுவோருக்கு வெய்யில் ஒரு குறையன்று. அங்கே பந்தலில் படரும் கொடி ஆண்டில் ஒரு முறைக்கு மேலும் காய்க்கும். பீட்மாண்டிலோ குளிர்காலம் முழுவதும் கொடி உறங்குகிறது. ஆண்டுக்கு ஒரே அறுவடைதான். எனவே, கிடைக்கும் வெய்யிலில் ஒரு நாழிகையையும் வீணாக்காமல் பெற்றுத் தரும் நிலம் வேண்டும். தெற்கும் தென்மேற்கும் நோக்கிய சரிவுகளே அத்தகையவை. சாய்ந்து வரும் கதிர்களை அவை முகங்கொடுத்து ஏற்றுக்கொள்கின்றன. பனிக்காலம் முடியும்போது எந்தச் சரிவில் உறைபனி முதலில் கரைகிறதோ அந்த இடம் நெபியோலோவுக்கு உரியது என்பது முன்னோர் கண்ட எளிய அளவுகோல். கருவி ஒன்றும் இல்லாத காலத்தில் கண்ணால் கண்ட இக்கணக்கு இன்றும் பெரும்பாலும் பிழைபடவில்லை.

சரிவின் நடுப்பகுதிக்கு மற்றுமொரு சிறப்பு உண்டு. குளிர்ந்த காற்று கனமானது. இரவில் அது வழிந்து பள்ளத்தில் தேங்குகிறது. ஆகையால் பள்ளத்தில் உள்ள கொடி பின்பனிக்கும் ஈரத்துக்கும் ஆளாகிறது. குன்றின் உச்சியிலோ காற்றும் குளிரும் மிகுதி. இடைப்பட்ட சரிவில் மழைநீர் தங்காமல் வடிந்துவிடுகிறது; காற்று உலவுவதால் குலைகள் அழுகுவதில்லை.

மண்ணைப் பார்ப்போம். பல்லாயிரம் நூற்றாண்டுகளுக்கு முன் இப்பகுதி கடலடியாக இருந்தது. அக்கடலின் வண்டலே சுண்ணாம்பு கலந்த நீலச்சாம்பல் நிறக் களிமண்ணாக இன்று குன்றுகளில் காணப்படுகிறது. ஆங்காங்கே மணற்படுகைகள் ஊடுருவுகின்றன. களிமண் நீரைப் பற்றி வைத்து, வேனிற்காலத்தில் சிறுகச் சிறுகக் கொடிக்கு அளிக்கிறது. மணல் விரைவில் நீரை விட்டுவிடுகிறது. செழிப்பான மண்ணில் கொடி இலையையும் தண்டையுமே பெருக்கும். நீர் ஓரளவு குறையும் இடத்தில் தளிர் ஓடுவது நின்று, கொடி தன் சத்தைக் கனியின்பால் செலுத்தும். கனியும் சிறுத்திருக்கும். நிறமும் துவர்ப்பும் மணத்தின் பெரும்பகுதியும் தோலிலும் விதையிலுமே உள்ளன. கனி சிறுத்தால் சாற்றின் அளவுக்கு ஏற்பத் தோலின் பங்கு கூடுகிறது. எனவேதான் உரமேற்றிய சமவெளியைவிட ஏழ்மையான குன்றுச் சரிவு உயர்ந்த மதுவைத் தருகிறது.

சங்கம் பிறந்த வரலாறு

இத்தகைய நிலம் இருந்தும் பார்பரெஸ்கோ விவசாயிகள் நெடுங்காலம் பெயரற்றவர்களாகவே இருந்தனர். அவர்களுடைய பழத்தை வெளியூர் வணிகர்கள் வாங்கிச் சென்று, பக்கத்துப் பகுதியான பரோலோவின் பெயரால் விற்றுவந்தனர். ஆல்பா நகரின் திராட்சை மதுப் பயிற்சிப் பள்ளிக்குத் தலைவராக இருந்த தொமித்சியோ கவாட்ஸா என்பார் இந்நிலையை மாற்ற முற்பட்டார். 1894 இல் அவர் ஒன்பது விவசாயிகளைச் சேர்த்து, தம்முடைய கோட்டை வீட்டிலேயே ஒரு கூட்டுறவு மதுச்சாலையைத் தொடங்கினார். சீசாவின் மேல் பார்பரெஸ்கோ என்னும் பெயர் ஏறியது. கவாட்ஸா 1913 இல் காலமானார். 1920களில், பாசிச ஆட்சியின் பொருளாதாரக் கட்டுப்பாடுகளால் அச்சங்கம் மூடப்பட்டது.

பிறகு ஒரு தலைமுறைக் காலம் சிறு விவசாயிகள் மீண்டும் வணிகர் கையை எதிர்பார்த்து நின்றனர். போருக்குப்பின் இளைஞர்கள் தொழிற்சாலை வேலை தேடி நகரங்களுக்குச் சென்றுகொண்டிருந்தனர். இந்நிலையில் 1958 இல் அவ்வூர்ப் பாதிரியார் பியொரினோ மாரெங்கோ 19 சிறு விவசாயிகளை ஒன்றுகூட்டினார். சிறு துண்டு நிலங்கள் பிழைக்க வேண்டுமானால் ஒன்றுபடுவதைத் தவிர வேறு வழியில்லை என்பது அவர் கண்ட முடிவு. 'பார்பரெஸ்கோ உற்பத்தியாளர்கள்' என்னும் பொருள்படும் பெயருடன் சங்கம் புத்துயிர் பெற்றது. முதல் மூன்று ஆண்டுகளின் மது மாதா கோயிலின் நிலவறையிலேயே தயாராயிற்று. பின்னர்க் கோயிலுக்கு எதிரே சொந்தக் கட்டடம் எழுந்தது. இன்று ஐம்பதுக்கு மேற்பட்ட குடும்பங்கள் இதன் அங்கத்தினர்கள். அவர்கள் வசமுள்ள நெபியோலோத் தோட்டம் 250 ஏக்கருக்கும் மேற்பட்டது. நிலம் அவரவர்க்கே உரியது. கவாத்தும் களையெடுப்பும் அவரவர் பொறுப்பு. ஆனால் தாம் விளைவிக்கும் நெபியோலோ முழுவதையும் சங்கத்துக்கே கொடுத்தாக வேண்டும். நல்ல பழத்தை வெளியே விற்றுவிட்டு மிச்சத்தைச் சங்கத்தில் தள்ளுவதற்கு இவ்விதி இடந்தருவதில்லை.

ஒன்பது நிலம், ஒரே கூடம்

கூட்டுறவுச் சங்கம் என்றால் எல்லாருடைய பொருளையும் ஒன்றாகக் கொட்டிக் கலந்து ஒரே சரக்காக விற்பதுதான் என்னும் எண்ணம் பலருக்கு உண்டு. இச்சங்கம் அவ்வெண்ணத்தை மாற்றியது. சாதாரணப் பார்பரெஸ்கோ மது பல நிலங்களின் கலப்பே. ஆயினும் 1967 முதல், சிறந்த ஆண்டுகளில், ஒன்பது நிலங்களின் பழத்தைத் தனித்தனியே பிரித்து, தனித்தனிப் பெயரால் இச்சங்கம் விற்றுவருகிறது. ஆசிலி, ரபாயா, போரா, பாயே, ஒவெல்லோ, மோந்தெஸ்தெஃபனோ, மோந்தெஃபிகோ, முன்ககோட்டா, ரியோ சோர்தோ என்பன அந்நிலங்களின் பெயர்கள். ஆண்டு சிறப்பாக அமையாவிடில் இவற்றின் பழமும் பொதுக் கலப்பிலேயே சேர்ந்துவிடும். அதனால் பொதுச் சரக்கின் மதிப்பும் தாழாமல் நிற்கிறது.

இதில் ஊன்றிக் கவனிக்க வேண்டியது ஒன்று. ஒன்பதும் ஒரே இனக் கொடி, ஒரே ஊர், ஒரே கூடம், தயாரிக்கும் முறையும் ஒன்றே. பழத்தை நசுக்கித் தோலோடு நொதிக்கவிட்டு, பெரிய ஓக் மரப் பீப்பாய்களில் ஆறவைக்கிறார்கள். இவ்வாறு செய்முறை ஒன்றாய் இருக்கவும் சுவை வேறுபடுமானால், அவ்வேறுபாட்டுக்கு நிலத்தையே முதற்காரணமாகக் கொள்ள வேண்டும். மணற்பாங்கு கலந்த ஆசிலியின் மது மென்மையும் நறுமணமும் கொண்டது. அதனை ஒட்டியே கிடக்கும் ரபாயாவின் மதுவில் கட்டு அதிகம். ஆற்றை நோக்கிய போராவின் மது இளகிய இயல்புடையது, விரைவில் பக்குவமடையும். மோந்தெஸ்தெஃபனோவின் மதுவோ துவர்ப்பு மிகுந்தது. பல ஆண்டுகள் காத்திருந்தே அதைத் திறக்க வேண்டும். ஒரு குன்றிலிருந்து மறு குன்றுக்கு நடந்தே போய்விடலாம். அவ்வளவு சிறிய தூரத்துக்குள் இவ்வளவு வேற்றுமை!

அரசாங்கமும் இவ்வேற்றுமையைச் சட்டத்தால் காத்து நிற்கிறது. பார்பரெஸ்கோவுக்கு 1966 இல் ஊர்ப்பெயர்ப் பாதுகாப்பும், 1980 இல் அதனினும் உயர்ந்த தகுதியும் கிடைத்தன. 2007 இல் அறுபதுக்கும் மேற்பட்ட நிலப்பெயர்கள் எல்லை வகுத்துப் பதிவு செய்யப்பட்டன. ஒரு ஹெக்டேருக்கு, அதாவது சுமார் இரண்டரை ஏக்கருக்கு, 8 டன்னுக்கு மேல் பழம் எடுக்கலாகாது என்பது விதி. சாதாரணப் பார்பரெஸ்கோ 26 மாதங்களும், தனிச்சிறப்புடையது 50 மாதங்களும் ஆறிய பின்னரே விற்பனைக்கு வரவேண்டும். நான்கு ஆண்டுகளுக்கு மேல் சரக்கையும் முதலையும் முடக்கி வைக்க ஒரு தனிக் குடியானவனால் இயலுமா? சங்கத்தின் கூட்டு முதலே அதைத் தாங்குகிறது.

முதிய கொடி

நிற்க. நிலத்துக்கு அடுத்தபடியாகப் பேசப்படுவது கொடியின் வயது. திராட்சைக் கொடி நட்ட மூன்றாம் ஆண்டு முதல் பயன்தரத் தொடங்குகிறது. பின்னர்ப் பல ஆண்டுகள் நிறையக் காய்த்து, 25, 30 வயதுக்கு மேல் மகசூலைக் குறைத்துக்கொள்கிறது. வணிகக் கணக்கில் அப்போதே அதைப் பிடுங்கிவிட்டு இளங்கொடி நடுவது இலாபம். ஆயினும் நல்ல மது செய்வோர் முதிய கொடியைக் கைவிட விரும்புவதில்லை.

அதற்குக் காரணங்கள் சில. முதிய கொடியின் வேர் மண்ணில் அகன்றும் ஆழ்ந்தும் சென்றிருக்கும். கோடை வறண்டாலும் அது வாடுவதில்லை. அறுவடைக்கு முன் ஒரு மழை பெய்தாலும், மேல்மண் ஈரத்தையே நம்பியிருக்கும் இளங்கொடியைப்போல் நீரை இழுத்துக் கனியை ஊதச் செய்வதில்லை. பருத்த அடித்தண்டிலும் வேரிலும் மாச்சத்து சேமித்து வைக்கப்பட்டிருப்பதால் ஆண்டுக்கு ஆண்டு விளைவில் ஏற்றத்தாழ்வு குறைவு. குலைகள் சில, கனிகள் சிறியன. இளங்கொடியில் விவசாயி காய்ப்பருவத்திலேயே குலைகளைக் கழித்துச் செய்யும் வேலையை முதிய கொடி தானே செய்துகொள்கிறது.

ஆனால் மூப்பு ஒன்றே சிறப்பைத் தந்துவிடும் என்று நினைப்பது தவறு. தண்டை அரிக்கும் பூஞ்சைநோய்களும் நச்சுயிரி நோய்களும் வயதேற வயதேறச் சேர்கின்றன. மகசூலை அளவோடு நிறுத்தினால் இளங்கொடியிலும் நல்ல பழம் எடுக்கலாம். விஞ்ஞானிகளிடையேயும் இதில் ஒருமித்த கருத்து இல்லை. மற்றொன்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும். மட்டமான இடத்தில் நட்ட கொடியை யாரும் எண்பது ஆண்டுகள் வைத்துக் காப்பதில்லை. எப்போதோ பிடுங்கி எறிந்திருப்பார்கள். இன்று முதுமை எய்தி நிற்கும் கொடி பெரும்பாலும் நல்ல நிலத்தில் நின்ற கொடியே. ஆகவே முதிய கொடியின் புகழில் ஒரு பகுதி அது நின்ற நிலத்துக்கு உரியது. அன்றியும் பழைய தோட்டம் ஒரு வித்துக் களஞ்சியம். அதில் ஒன்றுக்கொன்று சிறிது வேறுபட்ட பல கொடிகள் நிற்கின்றன. அவற்றிலிருந்து துண்டுகள் எடுத்து நடுவோர், ஒரே தாய்க்கொடியிலிருந்து பெருக்கிய நாற்றை மட்டும் நம்பியிருக்க வேண்டியதில்லை.

பிடுங்கியவரும் காத்தவரும்

ஐரோப்பாவில் நூற்றைம்பது வயதுக் கொடிகள் அரிது. 1860களில் வட அமெரிக்காவிலிருந்து வந்துசேர்ந்த பைலோக்சரா என்னும் சிறு வேர்ப்பூச்சி, பிரான்சில் தொடங்கிச் சில பத்தாண்டுகளில் அக்கண்டத்தின் பெரும்பாலான தோட்டங்களை அழித்துவிட்டது. அப்பூச்சியைத் தாங்கவல்ல அமெரிக்க வேர்ச்செடியின்மேல் ஐரோப்பியக் கொடியை ஒட்டுக்கட்டிய பிறகே திராட்சைத் தொழில் மீண்டது. எனவே மிகப் பழைய கொடிகளுக்கு நேர்ந்ததை அறிய, அப்பூச்சி நுழையாத தென் ஆஸ்திரேலியாவை நோக்க வேண்டும்.

அங்கே பரோசா பள்ளத்தாக்கில் 1840களில் ஜெர்மானிய மொழி பேசும் குடியேறிகள் வந்து தோட்டம் வைத்தனர். அவர்கள் காலத்து ஷிராஸ் கொடிகள் சில இன்றும் காய்க்கின்றன. ஆனால் 1980களின் நடுப்பகுதியில் அவற்றுக்குப் பேராபத்து வந்தது. செம்மதுவுக்குக் கிராக்கி குறைந்தது, பழம் தேங்கியது, விலை வீழ்ந்தது. மிகுதியான தோட்டங்களைக் குறைக்கக் கருதி, கொடியைப் பிடுங்குவோருக்கு அரசாங்கம் பணம் தந்தது. குறைவாகக் காய்க்கும் முதிய கொடிகளே பல இடங்களில் முதலில் விழுந்தன. எடைக் கணக்கில் அவை நஷ்டமல்லவா? சில குடும்பத்தார் மட்டும் பாட்டன் வைத்த கொடியைப் பிடுங்க மனமின்றி வறுமையோடு காத்தனர். அடுத்த பத்தாண்டுகளில் உலகச் சந்தை பரோசாவின் பழைய கொடிகளைத் தேடி வந்தது. பிடுங்கியவர்களுக்கு அதை மீட்க வழியேது? நூறு வயதுக் கொடியை நட்டுப் பெற நூறு ஆண்டு வேண்டும். 2009 இல் பரோசா விவசாயிகள் 35, 70, 100, 125 என்று வயதுப்படி கொடிகளை வகுத்துப் பதிவுசெய்யும் சாசனம் ஒன்றை இயற்றிக்கொண்டனர்.

கணக்கில் உள்ள நீதி

இவ்விரண்டு ஊர்களின் கதையையும் சேர்த்துப் பார்க்கும்போது ஓர் உண்மை தெளிவாகிறது. நல்ல நிலத்தையும் முதிய கொடியையும் காப்பதும் அழிப்பதும் பெரும்பாலும் விலை கொடுக்கும் முறையைப் பொறுத்திருக்கிறது.

உதாரணத்துக்கு ஒரு கணக்கு. சமநிலத்தில் இளங்கொடி வைத்தவர் ஏக்கருக்கு 3 டன் கொண்டுவருகிறார். செங்குத்தான சரிவில் முதிய கொடியைக் காப்பவர் 1½ டன்தான் கொண்டுவருகிறார். அவர் தோட்டத்தில் கையால் செய்யும் வேலையும் அதிகம். எடை ஒன்றையே பார்த்து விலை கொடுத்தால் முன்னவர் பெறுவதில் பாதியே இவருக்குக் கிடைக்கும். இவர் எத்தனை நாள் பொறுப்பார்? இவர் கொடியைப் பிடுங்கும் நாளில், சங்கத்தின் பெயருக்கு மதிப்புத் தந்த பழமும் போய்விடும். அந்த மதிப்பினால் விலை பெற்றுவந்த சமநிலத்துக்காரரும் நஷ்டமடைவார். இவருக்கு டன்னுக்கு இருமடங்கு விலை கிடைத்தால்தான் அவரோடு சமமாக நிற்கலாம். பார்பரெஸ்கோ சங்கம் எடையோடு பழத்தின் தரத்தையும் சோதித்து, அதற்கேற்ப விலை வழங்கும் முறையைக் கைக்கொண்டிருப்பதன் பொருள் இதுவே.

நாம் கருதத்தக்க ஆபத்து மற்றொன்றும் உண்டு. தரத்துக்குத் தனிவிலை என்றதும், 'அவருக்கு மட்டும் ஏன் அதிகம்?' என்னும் மனக்கசப்பு சங்கத்தில் எழக்கூடும். அதைத் தவிர்க்கும் வழி, சோதனை எல்லார் கண்முன்பும் நடைபெறுதலும், அளவுகோல் அறுவடைக்கு முன்பே அறிவிக்கப்படுதலும் ஆகும். நயமான நூலுக்கும் நெருக்கமான நெசவுக்கும் வேறு கூலி என்பதை நெசவாளர் சங்கங்கள் ஏற்றுக்கொண்டதும், அளவு வெளிப்படையாக இருந்ததனால்தான் அல்லவா?

காலமும் மாறிக்கொண்டிருக்கிறது. இப்போது கோடை வெப்பம் ஏறிவருவதால், முன்பு குளிர்ச்சி மிகுதி என்று ஒதுக்கப்பட்ட மேட்டு நிலங்களையும் பீட்மாண்ட் விவசாயிகள் நாடத் தொடங்கியுள்ளனர். நிலத்தின் தகுதியும் என்றும் ஒரே நிலையில் நிற்பதன்று. ஆண்டுதோறும் கவனித்து எழுதி வைப்பவர்களே மாறுதலை முன்கூட்டி அறிவர்.

ஆகவே நம் சங்கங்கள் செய்யத்தக்கவை சில. எந்த அங்கத்தினரின் எந்த நிலத்தில், எந்தத் தறியில், எத்தகைய பொருள் வருகிறது என்பதைப் பெயர்வாரியாகக் குறித்து வையுங்கள். சிறந்ததைப் பொதுச் சரக்கில் கரைத்து மறைத்துவிடாமல், இயன்ற ஆண்டில் தனியே அதன் பெயரால் விற்றுப் பாருங்கள். குறைவாகத் தந்தாலும் உயர்ந்ததைத் தரும் பழைய மரத்தையும், பழைய வித்தையும், பழைய கைத்திறனையும் எடைக் கணக்குக்குப் பலியிடும் முன், அது போனால் மீள எத்தனை ஆண்டு ஆகும் என்று ஒரு முறை எண்ணிப் பாருங்கள். அந்த எண்ணிக்கையை அடுத்த பொதுக்கூட்டத்தின் விலைத் தீர்மானத்தில் சேர்த்துக்கொள்வீர்களாக.